கைக்குழந்தையோடு போர்க்களமும் கடற்கரையும்: ஹேஸ்டிங்ஸா, ஷெரிங்கமா, யார்க்கா?

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் வரலாற்றுப் பித்துப் பிடித்தவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். திருமணமான புதிதில் கோட்டை கோட்டையாகச் சுற்றியவர்கள், குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆனதும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பழைய போர்களையும் பழைய வாழ்க்கையையும் வேடமிட்டு நடத்திக் காட்டும் அந்த வாரயிறுதி நிகழ்ச்சிகளுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? போவதென்றால் கூடவே ஒரு நாள் கடற்கரையும் பார்த்துவிட்டு வர எந்த ஊர் நல்லது?

முடியும். ஆனால் குழந்தை இல்லாதபோது தேர்ந்தெடுத்த மாதிரி இப்போது தேர்ந்தெடுக்கக் கூடாது. முன்பெல்லாம் எந்த நிகழ்ச்சி பெரியது, எந்தப் போர் புகழ்பெற்றது என்று பார்த்தோம். இப்போது முதலில் பார்க்க வேண்டியவை சத்தம், தரை, ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றும்தான். வரலாற்றின் பெருமை அதற்கு அப்புறம்.

நிகழ்ச்சியும் கடலும் ஒரே வாரயிறுதிக்குள் அடங்கக்கூடிய மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன். அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போர், செப்டம்பரில் நார்ஃபோக் கடற்கரையின் ஷெரிங்கமில் நடக்கும் 1940கள் வாரயிறுதி, பிப்ரவரியில் யார்க் நகரின் யோர்விக் (அந்த நகரின் வைக்கிங் காலப் பெயர்) வைக்கிங் திருவிழா. மூன்றும் மூன்று பருவம், மூன்று காலகட்டம்.

## எதை வைத்து எடை போடுவது

சத்தம். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். வாளும் கேடயமும் மோதும் ஒலி வேறு, கருமருந்துத் துப்பாக்கியும் பீரங்கியும் வெடிக்கும் ஒலி வேறு. வெடியொலியின் உச்சம் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும் குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பச்சைக் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளாது, ஓடிப்போகவும் செய்யாது. அதனால் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர், நெப்போலியன் காலப் போர் போன்ற துப்பாக்கி யுகத்து நிகழ்ச்சிகளை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. உள்நாட்டுப் போரை நடத்திக் காட்டும் சீல்ட் நாட் என்ற அமைப்பு 1968இல் தொடங்கியது, அவர்கள் நிகழ்ச்சிகள் அருமையானவை. குழந்தைக்கு மூன்று நான்கு வயதாகி, காது மூடியைக் கழற்றி எறியாத பக்குவம் வந்த பிறகு போகலாம்.

தரை. போர்க்களம் என்றால் புல்வெளி, சரிவு, மழை பெய்தால் சேறு. கடற்கரை என்றால் மணலா கூழாங்கல்லா என்பது பெரிய விஷயம். தள்ளுவண்டி எங்கே ஓடும், எங்கே தூக்கித்தான் செல்ல வேண்டும் என்பதை வைத்தே உங்கள் முதுகின் கதி முடிவாகும்.

ஒதுங்கும் இடம். பால் கொடுக்க, நாப்பி மாற்ற, காற்றுக்கு ஒதுங்க, பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு கூரை வேண்டும். தாய்ப்பால் எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அந்த உரிமையைக் காக்கிறது. ஆனால் உரிமை இருந்தால் மட்டும் குளிர்காற்று நின்றுவிடாதே.

பயணம். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. காரில் போனால், கார் இருக்கையில் குழந்தையை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை என்றால் அரை மணிக்கு ஒருமுறை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டால் 'மூன்று மணி நேரப் பயணம்' நான்கரை ஆகிவிடும்.

யார் பார்ப்பது? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. போர் தொடங்கும் நேரத்தில் குழந்தை அழுதால் ஒருவர் வெளியே போக வேண்டும். பெரும்பாலும் அது அம்மாதான். ஆசையாகக் காத்திருந்தவர் எதையும் பார்க்காமல் திரும்புவது நியாயமில்லை. ஒரே காட்சியை இரண்டு நாளும் நடத்துகிறார்களா என்பதையும் அதனால் ஓர் அளவுகோலாக வைக்கிறேன்.

## ஹேஸ்டிங்ஸ்: அக்டோபர்

1066 அக்டோபர் 14. நார்மண்டி பிரபு வில்லியமும் இங்கிலாந்து மன்னன் ஹெரால்டும் மோதிய நாள். காலையில் தொடங்கி அந்தி சாயும்வரை நடந்த போர். ஹெரால்ட் விழுந்தான், ஆங்கில மொழியும் நிலவுடைமையும் சட்டமும் அன்றிலிருந்து வேறு பாதையில் போயின. வில்லியம் அந்தக் களத்திலேயே ஒரு மடாலயம் கட்டினான். ஹெரால்ட் வீழ்ந்ததாக நம்பப்படும் இடத்தில்தான் அதன் உயர்பீடம் இருந்தது. இன்று அங்கே ஒரு கல் பதித்திருக்கிறார்கள். மடாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊரின் பெயரே பேட்டில், அதாவது போர். இடத்தை, பழைய வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது. அக்டோபர் 14ஐ ஒட்டிய வாரயிறுதியில், அதே சரிவில், போரை நடத்திக் காட்டுகிறார்கள்.

குழந்தையின் காதுக்கு இதைவிட நல்ல போர் அமையாது. 1066இல் வெடிமருந்து ஐரோப்பாவை எட்டவில்லை. கேட்பதெல்லாம் மரக் கேடயங்களின் இடி, குதிரைக் குளம்பு, வீரர்களின் கூச்சல். ஒரே தொந்தரவு வர்ணனைக்காக வைக்கும் ஒலிபெருக்கிகள். போய்ச் சேர்ந்தவுடன் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றிலிருந்து தள்ளி, கூட்டத்தின் பின்வரிசையில், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சரிவு என்பதால் பின்னால் நின்றாலும் களம் நன்றாகவே தெரியும். முன்வரிசைக் கயிற்றருகே இடம் பிடிக்க ஆசை வரும். குதிரைகள் வரும் பக்கம் அது, கைக்குழந்தையோடு அங்கே வேண்டாம்.

தரைதான் சிக்கல். அக்டோபர் மழையில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த புல்வெளி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறு சக்கரம் கொண்ட மடக்கு வண்டி முகாம் பகுதியிலேயே சிக்கிக்கொள்ளும். இந்த நாளுக்குக் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான் சரி. முகம் தெரியவேண்டும், முத்தமிடும் உயரத்தில் தலை இருக்கவேண்டும், தாடை மார்பில் அழுந்தக் கூடாது, அவ்வளவுதான். கேரியரின் வெதுவெதுப்பில் குழந்தை தூங்கியும் போகும். போர் பிற்பகலில் நடப்பதால் பல குழந்தைகளுக்கு அது தூக்க நேரம். இரு தரப்புப் படையும் மோதிக்கொண்டிருக்க, குழந்தை நிம்மதியாகத் தூங்குவது இங்கே வழக்கமாகக் காணும் காட்சி.

காலை நேரத்தைப் போர்வீரர் முகாமில் செலவழியுங்கள். கூடாரம், தறி, கொல்லன் பட்டறை, சமையல் என்று அந்தக் காலத்தை அப்படியே நடத்திக் காட்டுவார்கள். கேள்வி கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு வளையத்தையும் கையால் கோத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை, திறந்தவெளி அடுப்புப் புகை. காற்றின் திசை பார்த்து நிற்க வேண்டும்.

போரை இரண்டு நாளும் நடத்துவது வழக்கம் என்பது இந்த இடத்தின் பெரிய பலம். சனிக்கிழமை ஒருவர் நிம்மதியாகப் பார்க்கலாம், ஞாயிறு மற்றவர். நுழைவுச் சீட்டை இரண்டு முறை வாங்குவது வீண் என்பதால், இப்படித் திட்டமிடுபவர்கள் இங்கிலிஷ் ஹெரிடேஜ் உறுப்பினராக ஆவதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பெவென்சி கோட்டையும் அதே உறுப்பினர் அட்டையில் வந்துவிடும். வில்லியம் 1066 செப்டம்பர் 28 அன்று கரையிறங்கியது பெவென்சியில்தான். ரோமானியர் கட்டிய சுவருக்குள் நார்மன் கோட்டை. அப்போது அலை வந்து மோதிய இடம், இப்போது கடல் பின்வாங்கிப் புல்வெளியாகிவிட்டது. கூட்டம் பிடிக்காத குழந்தைக்கு அந்தப் புல்வெளி ஒரு வரம்.

கடல் நாள் ஹேஸ்டிங்ஸ் ஊரில். பேட்டிலில் இருந்து ரயிலில் கால் மணி நேரம். கடற்கரை முழுக்கக் கூழாங்கல், மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் கடலோர நடைபாதை அகலமானது, சமதளம், பழைய நகரில் இருந்து செயின்ட் லெனர்ட்ஸ் வரை தள்ளுவண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதில் ஒரு பகுதி இரண்டு அடுக்கு. கீழ் அடுக்குக்குப் பாட்டில் ஆலி என்று பெயர். 1930களில் சிட்னி லிட்டில் என்ற பொறியாளர் கட்டியது. காங்கிரீட் சுவர் முழுக்க உடைந்த பாட்டில்களின் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும். மழைக்கும் காற்றுக்கும் கூரை, வெளியே கடல், சுவரில் பச்சையும் பழுப்புமாக மின்னும் கண்ணாடி. நாலு மாதக் குழந்தை பார்த்துக்கொண்டே வர இதைவிட நல்ல சுவர் எங்கும் இல்லை.

கிழக்குக் கோடியில் ஸ்டேட் என்னும் மீனவர் கடற்கரை. துறைமுகம் கிடையாது. படகுகளைக் கூழாங்கல் கரையிலேயே இழுத்து ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் இப்படிக் கரையிலிருந்தே கடலுக்குள் தள்ளும் படகுக் கூட்டங்களில் இதுதான் மிகப் பெரியது என்கிறார்கள். நாகப்பட்டினத்திலோ பருத்தித்துறையிலோ வளர்ந்தவர்களுக்கு, படகு கரையேறும் அந்த மணலோரம் நினைவுக்கு வராமல் போகாது. பக்கத்திலேயே தார் பூசிய கறுப்பு மரக் கொட்டகைகள் நெட்டை நெட்டையாக நிற்கும். வலைகளையும் கயிறுகளையும் வைக்க, குறைந்த இடத்தில் உயரமாகக் கட்டியவை. மலைமேல் ஏற இரண்டு இழுவை ரயில்கள் உண்டு. மேற்கு மலையில் ஒன்று, கிழக்கு மலையில் ஒன்று. மேலே காற்று பலமாக அடிக்கும், தொப்பியைக் கட்டிவிடுங்கள்.

தங்குவதற்குப் பழைய நகரின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வீடுகளும் சந்துகளும் படிக்கட்டால் ஆனவை. தள்ளுவண்டி, பெட்டி, குழந்தை மூன்றையும் தூக்கிக்கொண்டு ஏறுவது பாடு. செயின்ட் லெனர்ட்ஸ் வாரியர் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் தங்கினால் பேட்டிலுக்கு நேர் ரயில், கடற்கரைக்கு நடை. இன்னும் அமைதி வேண்டுமென்றால் அடுத்துள்ள பெக்ஸ்ஹில். அங்கே 1935இல் திறந்த டி லா வார் பெவிலியன் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பெரிய கண்ணாடிச் சன்னல்கள், உணவகம், சுத்தமான கழிப்பறை. மழை நாளில் அதுவே போதும்.

லண்டனில் இருந்து வருபவர்கள் சேரிங் கிராஸிலோ லண்டன் பிரிட்ஜிலோ ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பேட்டில். நிலையத்தில் இருந்து மடாலயத்துக்கு லேசான ஏற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிட நடை. மூன்று இடங்களில் ஒரே நாளில் போய் வரக்கூடியது இது ஒன்றுதான்.

## ஷெரிங்கம்: செப்டம்பர்

இங்கே பெரிய போர்க்களம் எதுவும் இல்லை. வடக்கு நார்ஃபோக் ரயில்வே என்ற பாரம்பரிய நீராவி ரயில் பாதை ஷெரிங்கம் கடற்கரையூரில் இருந்து ஹோல்ட் வரை ஐந்தேகால் மைல் ஓடுகிறது. செப்டம்பரில் ஒரு வாரயிறுதிக்கு அந்தப் பாதையும் இரண்டு ஊர்களும் 1940களுக்குத் திரும்பிவிடும். சீருடைக்காரர்கள், குண்டுவீச்சுக்குத் தப்பக் கைப்பெட்டியோடு கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளாக வேடமிட்ட சிறுவர்கள், பழைய ராணுவ வண்டிகள், அந்தக் காலப் பாடல்கள், தெருவில் ஜோடி ஜோடியாக நடனம்.

இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வழியில் இருக்கும் வேபோர்ன் கரையில் கரையோரமே கடல் ஆழம். இங்கிலாந்தை வெல்ல நினைப்பவன் வேபோர்னில்தான் தொடங்க வேண்டும் என்று பழமொழியே உண்டு. ஸ்பானியக் கப்பற்படைக் காலத்திலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை, எதிரி இங்கேதான் இறங்குவான் என்ற பயம் இருந்தது. போர்க்காலத்தில் இங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சி முகாம் இருந்தது. தாத்தா பாட்டி காலத்து நினைவுகளைக் கண்ணெதிரே பார்த்துக் கலங்கி நிற்கும் வயதானவர்களை இங்கே காணலாம். 1066க்கு அழ யாரும் மிச்சமில்லை.

சத்தம் எப்படி? பொதுவாக இதமானது, ஆனால் திடீர்த் திடீரென்று வரும். நீராவி எஞ்சினின் ஊதல் மிகக் கூர்மையானது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்காமல் நடைமேடையின் மறுகோடியில் நின்றால் போதும். வான்தாக்குதல் சைரன், வெற்றுத் தோட்டாக்களோடு ஒரு சின்ன மோதல், தலைக்குமேல் பழைய விமானம் என்று அந்தந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் ஏதாவது இருக்கலாம். அதை முன்பே பார்த்து அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம். கடல் ஐந்து நிமிட நடையில் இருப்பதால் இது சுலபம்.

பழைய ரயில் பெட்டிகளின் கதவு குறுகல், படி உயரம். தள்ளுவண்டியை மடக்க வேண்டும், அல்லது ரயில் காவலர் (கார்டு) பயணிக்கும் பெட்டியில் ஏற்ற இடம் உண்டா என்று ஊழியர்களிடம் கேட்க வேண்டும். தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள், பொறுமையாக உதவுவார்கள். ஆனால் நிகழ்ச்சி நாளில் பெட்டிகள் நிரம்பி வழியும். பாலுக்கு அழும் குழந்தையோடு நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, காலையின் முதல் வண்டிகளில் ஒன்றில் ஏறிவிடுங்கள்.

கடற்கரையில் மேலே கல், அலை உள்வாங்கும்போது கீழே நல்ல மணல். அதனால் இந்த ஊரில் ஓத (அலை ஏறி இறங்கும்) நேர அட்டவணை பார்க்காமல் திட்டமே போடக் கூடாது. தவழும் குழந்தைக்கு மணலைத் தொட்டுப் பார்க்கும் முதல் வாய்ப்பு இது. மூன்று கடல்களில் இது நடக்கக்கூடிய பருவமும் இதுதான். கோடை வெயிலில் சூடேறிய கடலின் வெப்பம் செப்டம்பரில் இன்னும் மிச்சமிருக்கும். வெயில் அடித்தால், ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. நிழலுக்காகத் தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடுவதும் கூடாது, உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிவிடும். குடை மாட்டுங்கள்.

குறை தூரம்தான். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இருந்து நாரிச் வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கிருந்து கடற்கரை ரயிலில் இன்னொரு மணி. ஒரே நாளில் போய்வர வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சின்னது, அந்த வாரயிறுதியில் அறைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். அடுத்த ஊரான குரோமரில் தேடுங்கள். அங்கே கடற்பாலமும் மணலும் உண்டு, ரயிலும் அதே பாதைதான்.

## யார்க், ஸ்கார்பரோ: பிப்ரவரி

வைக்கிங்குகள் 866இல் யார்க்கைப் பிடித்தார்கள். வைக்கிங் மன்னன் எரிக் பிளட்ஆக்ஸ் 954இல் துரத்தப்படும்வரை, இடையிடையே ஆட்சி கைமாறினாலும், அது அவர்கள் நகரம். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் என்ற தெருவில் தோண்டியபோது அவர்களின் வீடுகள், செருப்புகள், சீப்புகள் எல்லாம் ஈரமண்ணுக்குள் அழியாமல் கிடைத்தன. அந்த இடத்தில்தான் 1984இல் யோர்விக் மையம் திறந்தது. பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வாரத்தில் திருவிழா நடக்கிறது. நகரின் நடுவே முகாம்கள், வேடமிட்டவர்களின் ஊர்வலம், போர்க் காட்சி.

பிப்ரவரி என்றதும் வீட்டில் பாட்டி இருந்தால் தடை போட்டுவிடுவார்: "பச்சைக் குழந்தையைப் போய் இந்தக் குளிரில தூக்கிட்டுப் போறியா?" ஆனால் ஒதுங்கும் இடம் என்ற அளவுகோலில் மூன்றிலும் யார்க்தான் முதலிடம். எல்லாம் ஊருக்குள்ளேயே நடக்கிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு தேநீர்க் கடை, ஒரு அருங்காட்சியகம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரிய கூடம், சமதளம், நாப்பி மாற்ற வசதி. நகரச் சுவரின்மேல் நடக்க ஆசைப்பட்டால் கேரியர் வேண்டும், படிகள் அதிகம். ஷாம்பிள்ஸ் போன்ற கல்பாவிய சந்துகளில் தள்ளுவண்டி குலுங்கும். இரவு நிகழ்ச்சிகளைக் குழந்தைக்காக விட்டுவிடுங்கள், இருட்டும் குளிரும் பேரொலியும் ஒன்றாகச் சேரும்.

கடல்தான் இங்கே பலவீனம். ஸ்கார்பரோ யார்க்கில் இருந்து ரயிலில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். தெற்கு விரிகுடாவில் அகலமான மணல், மேலே குன்றின்மீது கோட்டை. நார்ஸ் சாகாக்கள் என்னும் பழைய வடநாட்டு வீரக் கதைகளின்படி 1066இல் நார்வே மன்னன் ஹரால்ட் ஹர்த்ராடா இந்த ஊரை எரித்துவிட்டுத்தான் உள்ளே போனான். அந்த ஹர்த்ராடா செப்டம்பர் 25 அன்று யார்க்குக்குக் கிழக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் கொல்லப்பட்டான். வென்ற இங்கிலாந்து மன்னன் ஹெரால்ட்தான் தெற்கே விரைந்து பத்தொன்பதாம் நாள் ஹேஸ்டிங்ஸில் மாண்டான். 1066ஐ நேசிப்பவர்களுக்கு இந்தக் கரையும் அந்தக் கதையின் பாதிதான். ஆனால் பிப்ரவரியில் வடகடல் காற்று இரக்கமில்லாதது, ஐந்தே கால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். கடற்கரையில் அரை மணி நேரம், மிச்சம் உணவகச் சன்னலுக்குப் பின்னால் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நிலையத்தில் இருந்து கடலுக்கு இறக்கம், அதாவது திரும்பும்போது ஏற்றம். குன்றில் ஏற்றிவிடும் இழுவை ரயில் குளிர்காலத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஹேஸ்டிங்ஸ் | ஷெரிங்கம் | யார்க் |
|---|---|---|---|
| மாதம் | அக்டோபர் | செப்டம்பர் | பிப்ரவரி |
| சத்தம் | கூச்சல், ஒலிபெருக்கி; வெடி இல்லை | ஊதல், சைரன்; நிரலைப் பார்க்கவும் | பகலில் இதம், இரவில் பலம் |
| தரை | சரிவு, சேறு, கேரியர் | தெரு, நடைமேடை, மடக்கு வண்டி | கல்தெரு, இரண்டும் |
| ஒதுங்க | மடாலயத்தில் குறைவு, ஊரில் உண்டு | நடுத்தரம் | மிக நன்று |
| கடல் | கூழாங்கல், நல்ல நடைபாதை | ஓதம் இறங்கினால் மணல் | மணல், கடுங்குளிர் |
| லண்டனில் இருந்து ரயிலில் | சுமார் ஒன்றரை மணி | சுமார் மூன்று மணி | யார்க் இரண்டு மணி, கடலுக்கு இன்னொரு மணி |

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முதல் எதிரி ஞாயிற்றுக்கிழமைத் தண்டவாளப் பராமரிப்பு. ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அதில் தள்ளுவண்டியை மடக்கி அடியில் போட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போக வேண்டும். மலிவு என்று முன்கூட்டியே வாங்கிய சீட்டைவிட, எந்த வண்டியிலும் ஏறக்கூடிய சீட்டு குழந்தையோடு போகும்போது மதிப்புள்ளது. ஒரு நாப்பி விபத்தில் ஒரு வண்டி போய்விடும்.

ரயில் தள்ளுபடி அட்டையில் ஒரு நுணுக்கம். குடும்ப அட்டை என்று பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளை கூட வந்தால்தான் செல்லும். கைக்குழந்தை மட்டும் இருக்கும் தம்பதிக்கு இருவர் சேர்ந்து பயணிக்கும் டூ டுகெதர் அட்டைதான் பொருத்தம், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அடுத்தது அறையைக் காலி செய்யும் நேரம். காலை பத்து, பதினொன்றுக்கு வெளியேறச் சொல்வார்கள், உங்கள் ரயில் மாலையில். இடையில் பெட்டியும் குழந்தையுமாக எங்கே போவது? பெட்டியை மாலைவரை வைத்துக்கொள்வார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். குழந்தைக் கட்டிலையும் அப்போதே சொல்லி வையுங்கள், போர்வையை நீங்களே கொண்டுபோங்கள், பழகிய வாசனைக்குக் குழந்தை சீக்கிரம் தூங்கும்.

சாப்பாடு. புட்டிப்பால் குழந்தை என்றால் பொடி கலக்க 70 பாகைக்குக் குறையாத சூட்டில் தண்ணீர் வேண்டும். ஃபிளாஸ்க் சுமப்பதைவிட, அந்த இரண்டு நாளுக்கு மட்டும் கலந்தே விற்கும் திரவப் பால் விலை கூடினாலும் நல்லது. கறந்துவைத்த தாய்ப்பால் பனிக்கட்டி வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம்வரை தாங்கும். கூழ் சாப்பிடத் தொடங்கிய குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சியோ இட்லியோ வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாம். பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு: யார்க்ஷயர் பக்கம் பல கடைகளில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கப்படும். சைவ உணவுக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் எண்ணெய் என்ன என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

காரில் போகிறவர்கள் நிகழ்ச்சி நாளின் வண்டி நிறுத்தக் கட்டணத்தையும், குளிர்காலப் பஞ்சு உடையைக் கழற்றிவிட்டுத்தான் குழந்தையைக் கார் இருக்கையில் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடை அமுங்கிக் கொடுத்தால் பட்டை தளர்ந்துவிடும். சேற்றில் நனைந்த துணிக்கும் காலணிக்கும் தனிப் பை வேண்டும்.

## யாருக்கு எது

குழந்தைக்கு மூன்றிலிருந்து ஏழெட்டு மாதம் என்றால் என் ஓட்டு ஹேஸ்டிங்ஸுக்கு. தானாக நகராத, கேரியரில் அடங்கும் வயது. கூழாங்கல்லை எடுத்து வாயில் போடத் தெரியாது. பயணம் குறைவு, வெடி இல்லை, பெற்றோர் இருவரும் போரைப் பார்க்கலாம். பேட்டிலில் சேறு என்று தெரிந்தால் சனிக்கிழமை காலை கடற்கரை, பிற்பகல் போர், ஞாயிறும் அதேபோல ஆள் மாற்றி என்று இரண்டு நாளையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை எந்த நாளும் முழுநாள் வெளியே கிடக்காது.

தவழவும் நிற்கவும் தொடங்கிவிட்டால் ஷெரிங்கம். கேரியருக்குள் அடைபட மறுக்கும் வயதில் ஒரு மணி நேரப் போரைப் பார்க்க வைப்பது யாருக்கும் நல்லதல்ல. ரயில், பாட்டு, மணல் என்று பத்து நிமிடத்துக்கு ஒன்று மாறும் இடம்தான் அந்த வயதுக்குத் தோது. ஊரில் இருந்து பெற்றோர் வந்திருந்தாலும் இதையே சொல்வேன். உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம், அவர்கள் மடியில் குழந்தையும் இருக்கும்.

லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்கும், இலையுதிர்காலத்தில் பிறந்த குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து சலித்தவர்களுக்கும் யார்க். லண்டனில் இருந்து போகிறவர்கள் அந்த முறை கடலை விட்டுவிட்டு யார்க்கோடு நிறுத்திக்கொள்ளலாம். கோடையில் தனியாக ஸ்கார்பரோ போனால் அந்த மணல் உண்மையிலேயே பயன்படும்.

ஆறு வாரம்கூட ஆகாத குழந்தை என்றால் மூன்றும் வேண்டாம். பிரசவித்த உடம்புக்கும் ஓய்வு வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் அடுத்த ஆண்டும் வரும்.

முடிவு செய்துவிட்டால் முதலில் அறையைப் பிடியுங்கள், ரத்து செய்யக்கூடியதாக. அப்புறம் அந்த ஆண்டின் தேதியும் நிரலும் வெளிவந்ததும் நுழைவுச் சீட்டு. ரயில் சீட்டைக் கடைசியாக, அந்த ஞாயிறு தண்டவாள வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குழந்தைக்கு முந்தின இரவு காய்ச்சல் வந்தால் இந்த வரிசையில் வாங்கியிருந்தால் நீங்கள் இழப்பது மிகக் குறைந்த பணம்தான்.